அவிழ்த்தவர்தான் கட்ட வேண்டும்

இந்தச் செய்தியை எனக்கு முதன்முதலில் சொன்னவர் எங்கள் தெருத் தையற்காரர் செய்யது மீரான். ஒரே கூரையின்கீழ் என்னோடு வாழும் தம்பி சொல்லவில்லை. ரவிக்கை வாங்கப் போன என்னிடம் மீரான் சொல்கிறார்: “டீச்சர், உங்க ஜாக்கெட்டு புதன்கிழமைதான் ஆகும். தம்பியோட படகுப் பாயி மிஷின்ல கெடக்குல்லா. கொச்சி வரைக்கும் போற பாயி. டபுள் தையல் போடணும்.” என் தம்பிக்குப் படகு உண்டு, படகுக்குப் பாய் உண்டு, அந்தப் பாய் கடல்வழியே கொச்சி போகிறது என்பதையெல்லாம் ஒரு ரவிக்கை தாமதமாவதற்கான காரணமாக நான் தெரிந்துகொண்டேன். தம்பிக்குக் கண் தெரியாது என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், கன்னியாகுமரியில் வண்டி கிளம்பியதிலிருந்து நீங்கள் என் சேலையைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். வாழ்நாளெல்லாம் வகுப்பில் நின்றவளுக்கு அந்தப் பார்வை தெரியாதா அம்மா? முழங்கால்வரை நனைந்து, இடுப்பில் கறுப்பு மசகைப் பூசிக்கொண்டு, மீன்வாடையோடு ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் யாருக்கும் ஐயம் வரும். பைத்தியம் அல்லள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பெயர் செண்பகவல்லி. தூத்துக்குடி போய்ச் சேர நேரம் இருக்கிறது. கறையின் காரணத்தை முறையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மடியில் குழந்தை தூங்கட்டும். நான் குரலை உயர்த்துகிறவள் அல்லள்.

அன்று வீட்டுக்கு வந்தேன். தம்பி ஆவுடையப்பன் வராந்தாவில் உட்கார்ந்து ஒரு கயிற்றில் முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். பல மாதங்களாக அப்படித்தான் இருந்தான். பொழுது போகாமல் செய்கிறான் என்று நான் இரக்கப்பட்டிருக்கிறேன்.

“கொச்சிக்கு ரயில் இருக்கிறது, ஆவுடையப்பா” என்றேன்.

கை நின்றது. “மீரான் அண்ணன் சொல்லிட்டாரா?”

“ரவிக்கை சொல்லிற்று.”

“இல்லக்கா, உங்கிட்ட சொன்னா வேண்டாம்னு சொல்லுவ. வேண்டாம்னு சொன்ன பெறகு போனா உன் பேச்சை மீறுனதா ஆயிரும். சொல்லாமப் போனா மீறுனது ஆகாதுல்லா?”

இந்தத் தர்க்கத்தை அவனுக்குப் படிப்பித்தவள் நானில்லை. “கண் தெரியாதவன் கடலில் எதைப் பார்க்கப் போகிறாய்?” என்றேன்.

“வீட்டுல மட்டும் என்னத்தப் பாக்கேன்?”

இதுதான் நன்றி. உப்பு ஆலையில் கொதிகலன் வெடித்து இளம்வயதிலேயே பார்வை போனவன். அன்று முதல் தட்டில் இட்லி எந்தப் பக்கம், சட்னி எந்தப் பக்கம் என்று சொல்கிறவள் நான். சட்டைக்குப் பொருத்தமான வேட்டியை எடுத்துவைக்கிறவள் நான். காலையில் செய்தித்தாளை வரிவிளம்பரம் உட்பட வாசித்துக் காட்டுகிறவள் நான். இவன் ஒரு மாதம் கடலில் போய்விட்டால் அந்தச் செய்தித்தாளை யாருக்கு வாசிப்பது? அவனுக்காகத்தான் கேட்கிறேன். எங்கள் குடும்பத்தில் கணுக்காலுக்கு மேல் கடலில் இறங்கியவர் ஒருவரும் இல்லை. இறங்கும் அவசியமும் யாருக்கும் ஏற்பட்டதில்லை.

கூட்டாளிகள் யார் என்று விசாரித்தேன். மாற்றுத்திறனாளி அட்டையைப் புதுப்பிக்கும் வரிசையில் பழக்கமானவர்களாம். அந்த வரிசை நாள் முழுவதும் நகரவில்லையாம். அதனால் நட்பு முற்றிவிட்டதாம். ஒருவர் ரெமிஜியுஸ், முன்னாள் மாலுமி. கப்பல் கயிறு சுற்றி இறுக்கியதில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். இன்னொருத்தி ரோஸ்லின், வங்கியில் வேலை பார்க்கும் பெண். இளம்பிள்ளைவாதத்தால் இரண்டு கால்களும் சூம்பியவள். அக்குள் கட்டை ஊன்றி நடப்பாள். ரெமிஜியுஸ் படகுத் தலைவர். ரோஸ்லின் சுக்கான் பிடிப்பாள். கயிறுகள் என் தம்பியின் பொறுப்பு. நான் கூட்டிப் பார்த்தேன். மூன்று பேருக்குமாகக் கால்கள் மூன்று, கண்கள் நான்கு. இந்தச் சொத்தோடு குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு கொச்சி போகிறார்களாம்.

படகாவது இவர்களுக்கென்று செய்ததா? அதுவும் இல்லை. கம்பெனி அச்சடித்தாற்போல் எல்லோருக்கும் செய்து விற்கிற படகு. ரெமிஜியுஸின் பழைய முதலாளி பயன்படுத்தாமல் போட்டுவைத்திருந்தது. இவர்களுக்கென்று ஒரு கைப்பிடிகூட அதில் அதிகம் கிடையாது. பெயர் ‘கொக்கு’. ஏன் என்று கேட்டேன். “நான் ஒத்தக்கால்ல நிக்கேம்லா டீச்சரம்மா” என்று ரெமிஜியுஸ் பல்லைக் காட்டினார். சிரிக்கும்படியாக எனக்கு எதுவும் தெரியவில்லை.

மாலை நேரங்களில் படகுத்துறைக்குப் போய் ஒரு சிமெண்டுக் கட்டையில் உட்காருவேன். கண்காணிக்க அல்ல, காற்று வாங்க. அவர்கள் செய்த ஆயத்தம் இருக்கிறதே, அதைக் கேளுங்கள். ஒவ்வொருவராகக் கடலில் குதிப்பார்கள். குதித்தவரை மற்ற இருவரும் கயிறு கட்டி, உருளையில் சுற்றி, மேலே இழுப்பார்கள். விழுந்தால் ஏற வேண்டும் அல்லவா, அதற்குப் பயிற்சியாம். விழாமல் இருக்கப் பயிற்சி எடுப்பது இவர்களுக்குத் தோன்றவில்லை. வங்கியில் பணம் எண்ணுகிற பெண் சுறாமீன் போலக் கயிற்றில் தொங்கிச் சொட்டச் சொட்ட மேலே வருகிறாள், வந்தவுடன் “இன்னொருக்கா!” என்று கத்துகிறாள். ரெமிஜியுஸ் தம் செயற்கைக் காலைக் கழற்றி ஒரு வாளியில் நிறுத்திவைத்துவிட்டுத் தவழ்ந்தே படகு முழுவதும் திரிகிறார். என் தம்பி பாய்மரத்தைக் கட்டிப்பிடித்து நின்று, காற்று எந்தப் பக்கம் என்று கன்னத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறான். வீட்டில் மின்விசிறி எந்தப் பக்கம் என்று நான் சொல்லித்தான் உட்காருகிறவன்!

நான் வெறுமனே குறைசொல்கிறவள் அல்லள். யோசனையும் சொன்னேன். படகின் விளிம்பைச் சுற்றி இடுப்பளவு கம்பிவேலி, ரோஸ்லினுக்குப் பூட்டுப்போட்ட வார், ஆவுடையப்பன் எங்கே போகிறான் என்று தெரிய அவன் கழுத்தில் சிறிய மணி.

“டீச்சரம்மா, இது படகா, மாட்டுத் தொழுவமா?” என்றார் ரெமிஜியுஸ்.

“உங்கள் குறைக்கு ஏற்ற ஏற்பாடு செய்துகொள்வதில் என்ன இழுக்கு?”

“கடல் எங்களுக்குன்னு தனியா அலை அடிக்காதே. பெறவு படகு மட்டும் எதுக்குத் தனியா? எல்லாருக்கும் உள்ள படகுல எல்லாரும் போற தூரம் போவணும். அதான் பந்தயம்.”

“யாரோடு பந்தயம்?”

“இந்தா, சிமெண்டுக் கட்டையில ஒக்காந்து பாக்கிறாக பாருங்க, அவுகளோட” என்றாள் ரோஸ்லின். என்னைத்தான் சொல்கிறாள். நான் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தியிருந்தால் இவ்வளவு நாள் நினைவு வைத்திருப்பேனா?

பிறகு அதிகாரி வரும் நாள் வந்தது. துறைமுகத்திலிருந்து ஒருவர் படகில் ஏறிப் பார்த்து, மூவருக்கும் ஒப்புதல் தர வேண்டும். அவர் மாட்டேன் என்றால் பயணம் இல்லை. இவர்கள் மூவரும் அவரை வரவேற்கத் துறையின் வாயில்வரை போனார்கள். எலுமிச்சம்பழச் சாதத்தோடு வந்த நான், விருந்தாளி வருமுன் படகு எப்படி இருக்கிறது என்று பார்க்க ஏறினேன். அம்மா, பார்க்கச் சகிக்கவில்லை! ஆறு கயிறுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் கட்டி கட்டியாக முடிச்சு. ஒன்றில் ஒரு முடிச்சு, ஒன்றில் நான்கு, ஒன்றில் ஆறு. முதல் வகுப்புப் பிள்ளை மூக்கைத் துடைத்த கைக்குட்டையைப் போல. நான் அத்தனையையும் அவிழ்த்தேன். உப்பேறி இறுகியவை, நகம் பெயர்ந்தது. அவிழ்த்து, நேராக்கி, பருமன்படி வரிசைப்படுத்தி, நுனிகளையெல்லாம் ஒரே பக்கமாகச் சேர்த்து, மிட்டாய்க் கடை முறுக்குப் போல அழகாகச் சுருட்டிவைத்துவிட்டு இறங்கினேன். வேண்டுமென்றே செய்தேன் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. சொல்லட்டும் பார்க்கலாம். நீங்களும் சொல்லவில்லை, ஆனால் உங்கள் முகத்தில் ஏதோ ஓடுகிறது.

அதிகாரி ஏறியவுடன் என்ன சொன்னார் தெரியுமா? “பரவால்லியே, படகு சுத்தமா இருக்கே!” என்றார். அன்று முழுவதும் அவர்களுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அதை வாங்கிக்கொடுத்தவள் நான்.

அதிகாரிக்குக் காட்டும் உற்சாகத்தில் ரெமிஜியுஸ் தாமே பாயை ஏற்றினார். படகு துறையை விட்டு நகர்ந்தது. சற்றுத் தூரம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு காற்றுத் திரும்பியது. “மூணை விடு!” என்று ரெமிஜியுஸ் கத்தினார். என் தம்பி கையை நீட்டினான். ஒரு நுனியை எடுத்துத் தடவினான். அடுத்ததைத் தடவினான். “ஏலே மூணு! மூணை விடுவே!” ஒன்றை விட்டான். அது மூன்றாம் கயிறு அன்று. பெரிய பாய் அப்படியே சரிந்து இறங்கியது. அதிகாரி உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் குன்று தெரிந்தது. அந்தக் குன்று தமிழில் சொல்லத் தகாத ஒன்றைத் தமிழிலேயே சொல்லிற்று.

துறைக்குத் திரும்பினார்கள். ரெமிஜியுஸ் கயிற்று நுனிகளைப் பார்த்துவிட்டுக் கூச்சலிட்டார்: “எவன்வே முடிச்ச அவுத்தது? ஆறு கயித்துக்கும் இவன் கைக்குத் தெரியிற மாதிரி நம்பர் போட்டு வச்சிருந்தேன்! ஒண்ணுக்கு ஒரு முடிச்சு, ரெண்டுக்கு ரெண்டு, ஆறுக்கு ஆறு! இவனுக்கு அதுதானய்யா கண்ணு! எந்தப் பாவி தோண்டுனது?”

பாவி! எலுமிச்சம்பழச் சாதம் கொண்டுவந்தவளைப் பார்த்து!

என் தம்பி முடிச்சில்லாத அந்த நுனியைக் கட்டைவிரலால் வருடிக்கொண்டே நின்றான். நான் வாய் திறக்கவில்லை. இருந்தும் அவன் முகம் நேராக நான் நின்ற பக்கம் திரும்பியது. பிறகு சொன்னான்: “நான்தான் அண்ணே அவுத்தேன். புதுசாக் கட்டலாம்னு நெனச்சேன். மறந்துபோச்சு.”

பொய் சொல்லக் கூடாது என்று அவனுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

அதிகாரி தலைமுடியைச் சரிசெய்துகொண்டு தீர்ப்புச் சொன்னார். “அந்த அண்ணாச்சியும் இந்தம்மாவும் போகலாம். இவர் வேண்டாம். இவரை நம்பி ரெண்டு உசிரை நான் அனுப்ப முடியாது.”

“மூணு பேரும் இல்லாட்டி படகே கெளம்பாது சார்” என்றாள் ரோஸ்லின்.

“அப்போ கெளம்ப வேண்டாம்” என்று அவர் போய்விட்டார்.

ஆகவே நான் விரும்பியது நடந்துவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். அன்று தட்டை வைத்து, வழக்கம்போல் “சட்னி வலப்பக்கம்” என்றேன். “தெரியும்க்கா. எப்பவும் அங்கதான வைப்ப” என்றான்.

“எப்போதிலிருந்து தெரியும்?”

“மொத வாரத்துலேர்ந்து.”

“பிறகு ஏன் இத்தனை வருடமும் சொல்லவிட்டாய்?”

அவன் எழுந்து கை கழுவப் போய்விட்டான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் அவனுக்குச் சிறுவயதிலிருந்தே இல்லை.

அடுத்தடுத்த நாட்களில் அவன் துறைக்குப் போகவில்லை. கயிற்றையும் எடுக்கவில்லை. செய்தித்தாள் வாசித்தேன், “உம்” கொட்டினான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே “உம்”. மணமகள் தேவைக்கும் “உம்”, நீத்தார் நினைவுக்கும் “உம்”. ஒருநாள் வேண்டுமென்றே ஒரே செய்தியை இருமுறை வாசித்தேன். இரண்டுக்கும் “உம்”. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நேராகத் துறைமுக அலுவலகத்துக்குப் போனேன்.

தவறாக எண்ணாதீர்கள். அவன் தேர்வில் தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. தவறான காரணத்துக்காகத் தோற்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. அதை அந்த அதிகாரியிடமும் சொன்னேன். “கரும்பலகையை அழித்துவிட்டுப் பிள்ளையைப் படிக்கச் சொன்னீர்கள். அது சோதனை ஆகாது. ஒரு பொறுப்புள்ள அதிகாரி, கயிற்றில் முடிச்சு இருக்கிறதா என்று ஏறியவுடன் பார்த்திருக்க வேண்டாமா?”

“அந்த ஆளே அவுத்துட்டேன்னு சொன்னாரேம்மா?”

“அவன் சொன்னது பொய்.”

“அப்போ யார் அவுத்தது?”

“அது இப்போது பேசவேண்டிய பொருள் அன்று.”

அவர் என்னைப் பார்த்தார். என் பெயர்ந்த நகத்தைப் பார்த்தார். “நீங்களா?”

“ஒழுங்குபடுத்தினேன்” என்றேன்.

அவர் ஒரு கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார், தோள் குலுங்கியது. பெரிய பதவியில் இருப்பவர்களுக்கு இக்காலத்தில் பயிற்சியே போதவில்லை. கடைசியில், மறுசோதனை வைக்கிறேன் என்றார். ஒரே நிபந்தனை: “அன்னைக்கு நீங்க துறைப்பக்கமே வரக் கூடாது.” இவ்வளவு பாடுபட்டு ஒப்புதலுக்கு வழிசெய்தவளுக்குக் கிடைத்த மரியாதை இது. குழந்தை விழித்துவிட்டானா? என் குரலாலா? இருக்காது, வண்டி குலுங்கியது.

முடிச்சுகளை ஆவுடையப்பனே போட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன். ரெமிஜியுஸ் விடவில்லை. அதிகாரி அவரிடம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. “டீச்சரம்மா, படகுல ஒரு முறை உண்டு. அவிழ்த்தவர்தான் கட்ட வேண்டும். மத்தவன் கட்டுனா, எது எப்படிக் கெடக்குன்னு யாருக்கும் தெரியாமப் போவும். வாங்க, ஒக்காருங்க.”

“எனக்குத் தெரியாதே” என்றேன்.

“நான் சொல்லித் தாரேன்” என்றான் தம்பி.

அந்தச் சிமெண்டுக் கட்டையிலேயே உட்கார வைத்தார்கள். அதுவும் எப்படி? கண்ணை மூடிக்கொண்டு கட்ட வேண்டுமாம். கைக்காகப் போடுகிற முடிச்சைக் கண்ணால் பார்த்துப் போட்டால் கைக்குப் பொருந்தாதாம். போட்டதைத் தம்பி வாங்குவான், கட்டைவிரலால் அழுத்துவான், “எடவெளி சரியில்ல. திரும்பக் கட்டு” என்பான். மறுபடி போடுவேன். “தொளதொளங்குது. திரும்பக் கட்டு.” நானூறு பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்திய கை இது! ரோஸ்லின் வேறு, “பாவம், ஒரு மார்க்காவது போடுங்கண்ணே” என்று பரிந்து பேசுகிறாள். அவன் போடவில்லை. கொஞ்சம்கூட இரக்கமில்லாத வாத்தியார். யாரிடம் கற்றுக்கொண்டானோ!

இருட்டும்வரை கட்டினேன். இரண்டு முதல் ஆறு வரை ஐந்து கயிறுகளும் முடிந்தன. ஒன்றாம் கயிறு மட்டும் மீதி. அது அவன் இடுப்பில் மாட்டிக்கொள்கிற கயிறு. கடலில் தவறி விழுந்தாலும் படகோடு பிடித்துவைப்பது. அதை எடுத்தேன். “அது இருக்கட்டும்க்கா” என்று என் கையிலிருந்து வாங்கிவிட்டான்.

“அதற்கு அடையாளம் வேண்டாமா?”

“மத்ததுக்கெல்லாம் முடிச்சு இருக்குல்லா. முடிச்சே இல்லாதது இது ஒண்ணுதான். அதுவே அடையாளம்.”

மறுசோதனையில் தேறிவிட்டான். அதையும் எனக்குச் சொன்னவர் செய்யது மீரான்தான். ரவிக்கை இன்னும் ஆகவில்லை.

புறப்படும் நாளில் துறையில் நின்றேன். அழுதுவிடுவேன் என்று எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் அந்த இன்பத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. படகைத் துறையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கும்போது தம்பி சொல்கிறான்: “அக்கா, ஒண்ணு பாக்கி இருக்கு. காத்துப் பாத்து திரும்பணும்னு குமரிக்கு முன்னால சின்னமுட்டத்துல ஒதுங்குவோம். அங்க வந்து கட்டிக் குடுத்துட்டுப் போ.”

நீங்களே சொல்லுங்கள் அம்மா, இது நியாயமா? ஒரு முடிச்சு. அவன் கொட்டாவி விடும் நேரத்தில் போட்டுவிடக்கூடியது. அதற்காக, தமக்கை என்றும் பாராமல், மூத்தவள் என்றும் பாராமல், பேருந்தில் இவ்வளவு தூரம் வரவழைக்கிறான். வேறு வேலை எனக்கு இல்லையென்று நினைத்துவிட்டான். வேறு வேலை இல்லைதான். ஆனாலும் அதை அவன் எப்படி முடிவுசெய்யலாம்?

வந்தேன். இன்று காலை சின்னமுட்டத்தில் மீன்பிடி விசைப்படகுகளுக்கு நடுவே ‘கொக்கு’ நின்றது. அதை அடைய இரண்டு விசைப்படகுகளைத் தாண்ட வேண்டும். முதலாவதில் மசகு இடுப்பில் பட்டது. இரண்டாவதில் கால் தவறி, முழங்கால்வரை தண்ணீரில் தொங்கினேன். “டீச்சர், பிடிச்சுக்கோங்க!” என்று ரோஸ்லின் கத்தினாள். அந்த உருளையும் கயிறும் வந்தன. அக்குளுக்குக் கீழே மாட்டினார்கள். இழுத்தார்கள். நான் மேலே போனேன். எதைப் போல என்று உங்களுக்கே தெரியும். மறுபடி சொல்ல மாட்டேன். இழுத்தவன் என் தம்பி. அவன் பிடித்த நுனியில் ஐந்து முடிச்சுகள் இருந்தன. என் கையால் போட்டவை. ஒன்றுகூட நழுவவில்லை என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

“இன்னொருக்காவா டீச்சர்?” என்றாள் அந்தப் பெண்.

தம்பி என் கையைப் பிடித்து உட்காரவைத்தான். “வலப்பக்கம் கம்பி இருக்கு. எடப்பக்கம் ரெண்டு படி. தலைக்கு மேல கட்டை, குனிஞ்சுக்கோ. தண்ணிச் செம்பு முன்னால.” எனக்குக் கண் தெரியும் என்றேன். அவன் நிறுத்தவில்லை. முழுப் படகையும் எனக்குச் சொல்லி முடித்தான். நான், என்ன செய்வது, “உம்” கொட்டினேன்.

பிறகு ஒன்றாம் கயிற்றைக் கையில் கொடுத்தான். கண்ணை மூடிக்கொண்டேன். முறை என்றால் முறை. படகு ஆடியது; அதனால் நுனி இருமுறை வளையத்தை விட்டு விலகிற்று. படகு ஆடியதால்தான். போட்டு முடித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது: தளர்ந்த முடிச்சு, நுனி மிக நீளம். என் வகுப்பில் யாராவது கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அவன் வாங்கினான். கட்டைவிரலால் அழுத்தினான். ஒரு பக்கம் தடவினான், மறுபக்கம் தடவினான். “திரும்பக் கட்டு” என்பான் என்று நான் கையை நீட்டியே வைத்திருந்தேன்.

அவனோ, நுனிகளைப் பிடித்து ஓர் இழுப்பில் அதை இறுக்கினான். கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு, “சரி அண்ணே, மேற்காமத் திரும்புவோம்” என்றான்.

என்னை அவர்களே கரையில் இறக்கிவிட்டார்கள். பாய் கண்ணுக்கு மறையும்வரை நின்றேன். வெயில் இதமாக இருந்தது, அதனால். அதோ தூத்துக்குடி உப்பளம் தெரிகிறது, நீங்கள் பையை எடுத்துக்கொள்ளுங்கள். இனி அந்த மூவரும் என்னைப் பார்த்து ஒரு சொல் சொல்ல முடியாது. ஒன்றும் இரண்டும் மூன்றும் நான்கும் ஐந்தும் ஆறும் கூட்டிப் பாருங்கள். அவிழ்த்தது இருபத்தொன்று. கட்டிக் கொடுத்தது இருபத்தொன்று.